டி.டி. ஊசி இரண்டும் போட்ட பிறகு கர்ப்பிணிக்குக் கக்குவான் இருமல் ஊசியும் தேவையா?

சகோதரி, நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் எழுதிக்கொள்கிறேன். தவறாகப் புரிந்துகொண்டு பதில் சொல்லிவிடக் கூடாது. உங்களுக்கு இது முதல் பிரசவம். இப்போது 26 வாரம் நடக்கிறது, ஐப்பசியில் நாள் குறித்திருக்கிறார்கள். புகுந்த வீடு தேனி மாவட்டத்துக் கம்பத்தில்; அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் டி.டி. ஊசி இரண்டும் போட்டு அட்டையிலும் எழுதியாகிவிட்டது. ஆவணியில் வளைகாப்பு முடிந்ததும் எல்லை தாண்டி, கேரளத்துக் குமுளிக்கு அம்மா வீட்டுக்குப் போய்ப் பிரசவம் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். அந்தப் பக்கம் உங்களைப் பார்த்த மருத்துவர், 28 வாரத்துக்கு மேல் ‘டிடாப்’ என்றொரு ஊசியும் ஃப்ளூ ஊசியும் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அவை அரசு தரும் ஊசிகளில் இல்லை, டிடாப் ஊசிக்கு மட்டும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்றதும் வீட்டில் பேச்சு கிளம்பியிருக்கிறது. போட்ட ஊசி போதாதா, பிள்ளை பிறந்த பிறகு பிள்ளைக்கே போட்டால் ஆகாதா என்று உங்கள் அத்தை கேட்கிறார். இப்படி ஊசி போட்டுக்கொண்ட உங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குக் குறைமாதத்தில் பிறந்துவிட்டது என்ற பயமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. போடலாமா, வேண்டாமா என்று நீங்கள் கேட்டிருந்தாலும், பிறந்த நாளிலிருந்து தன் முதல் தடுப்பூசிகள் பலன் தரும் நாள்வரை அந்தப் பிள்ளையைக் காக்கப்போவது எது என்பதுதான் அதன் அடியில் இருக்கும் கேள்வி. அதற்கே பதில் எழுதுகிறேன். இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் பல ஆண்டுகளாகக் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்ப்பவன் நான்; மகப்பேறு மருத்துவன் அல்ல. ஆகவே குழந்தையைப் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். உங்கள் உடல்நிலையைப் பொறுத்த முடிவுகளை, உங்களைக் கையால் தொட்டுப் பார்த்த மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஐயத்துக்கு இடமில்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போட்டுக்கொண்ட டி.டி. ஊசியில் ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மட்டுமே மருந்து இருக்கிறது. கக்குவான் இருமலுக்கு அதில் எதுவும் இல்லை. டிடாப் ஊசியில் அந்த இரண்டோடு கக்குவான் இருமலுக்கான மருந்தும் சேர்ந்திருக்கிறது. பெயர்கள் ஒன்றுபோல ஒலிப்பதால் “இரண்டு போட்டாயிற்று, மூன்றாவது எதற்கு” என்று வீட்டில் கேட்பது இயல்புதான். ஆனால் போட்ட ஊசியையே மறுபடி போடச் சொல்லி உங்கள் மருத்துவர் பணம் பிடுங்கப் பார்க்கவில்லை. கக்குவான் இருமலுக்கு எதிராக இந்தக் கர்ப்பத்தில் உங்களுக்கு இதுவரை எந்த ஊசியும் போடப்படவில்லை.

பிள்ளைக்கே போட்டுவிடலாமே என்ற அத்தையின் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் பிள்ளையின் தடுப்பூசி அட்டவணையிலேயே இருக்கிறது. பிறந்தவுடன் காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, மஞ்சள் காமாலை பி ஊசி ஆகிய மூன்றும் கொடுக்கப்படும். கக்குவான் இருமலுக்கான மருந்து பென்டாவேலன்ட் ஊசிக்குள் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலாக அதைத் தொடங்கினார்கள். இலவசமான, மிக நல்ல ஊசி அது. ஆனால் முதல் தவணை ஆறாவது வாரத்தில்தான், அடுத்தவை பத்தாவது, பதினான்காவது வாரங்களில். பிறந்த அன்றே போட்டால் பச்சைக்குழந்தையின் உடல் அதற்குத் தக்கபடி எதிர்ப்புச் சக்தியை உண்டாக்காது. ஆறாவது வாரம் என்று வைத்ததற்கு அது ஒரு காரணம். முதல் தவணையோடு முழுப் பாதுகாப்பு வந்துவிடுவதும் இல்லை. ஆக, முதல் ஆறு வாரம் முழு இடைவெளி, அதற்கடுத்த சில வாரங்கள் அரைகுறைப் பாதுகாப்பு. கக்குவான் இருமலில் இறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் இந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டவர்கள்தான்.

இந்த நோய் பச்சைக்குழந்தையிடம் எப்படி இருக்கும் என்பது பெரியவர்களுக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் அவர்கள் அறிந்த கக்குவான் வேறு. இரண்டு மூன்று வயதுப் பிள்ளை விடாமல் இருமி, கடைசியில் ‘ஊ’ என்று மூச்சை இழுத்து வாந்தியெடுப்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். கேரளத்துப் பக்கம் இதை ‘வில்லன் சும’ என்பார்கள். ஒரு மாதக் குழந்தைக்கு அப்படி இருமும் பலமே கிடையாது. ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு குடும்பத்தார் ஐந்து வாரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். “இருமலெல்லாம் இல்லைங்க, பால் குடிக்கும்போது ஒருமாதிரி நின்றுபோகிறான்” என்றுதான் தாய் சொன்னார். மேசையில் கிடத்தி மேல்சட்டையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு அசைவது நின்றது. உதட்டோரம் நாவற்பழ நிறத்துக்குப் போயிற்று. உள்ளங்காலைச் சுண்டியதும் ஒரு விக்கலோடு மூச்சு திரும்பியது. சிறிது நேரத்தில் மறுபடியும் அதேபோல. அறை வாசலில் நின்றிருந்த பாட்டி முந்தானையால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக இருமல், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் புகையால்தான் என்று அவர் நினைத்திருந்தார். பிள்ளையின் இரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் பல மடங்கு ஏறியிருந்தன. இந்த நோயில் அவை அளவுக்கு மீறிப் பெருகி நுரையீரலின் சிறு இரத்தக் குழாய்களையே அடைத்துவிடக்கூடும். இதயம் திணறுவது அதனால்தான். ஆக்சிஜன் வைத்துத் தேனிக்கு அனுப்பினோம். அந்தப் பிள்ளை பிழைத்து வீடு திரும்பியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி நேர்வதில்லை.

உங்களைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. நோய் வந்த பிறகு மருத்துவம் எவ்வளவு தூரம் போகும் என்பது உங்கள் முடிவுக்குத் தேவைப்படுவதால் எழுதுகிறேன். அசித்ரோமைசின் கொடுத்தால் கிருமி சாகும், பிறருக்குப் பரவுவது குறையும். ஆனால் மூச்சு நிற்கும் கட்டம் தொடங்கிவிட்ட பிறகு கொடுக்கும் மருந்து அந்தக் கட்டத்தை உடனே நிறுத்தாது. அதன்பின் செய்யக்கூடியது, பிள்ளையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து மூச்சைக் கண்காணிப்பதுதான். நகரத்தில் இருப்பவருக்கு அது பத்து நிமிடத் தொலைவில் இருக்கலாம். குமுளியில் இருப்பவருக்கு ஒன்று மலையிறங்கித் தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கு வர வேண்டும், இல்லையென்றால் வண்டிப்பெரியாறு, பீர்மேடு, முண்டக்கயம் வழியாக கே.கே. ரோட்டில் கோட்டயம்வரை போக வேண்டும். வளைவு நிறைந்த மலைப்பாதையில் மூச்சு நின்று நின்று வரும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போவதைவிட, நோயே வராமல் பார்த்துக்கொள்வதற்கு நம் ஊர்களில் மதிப்பு அதிகம்.

இனி, தாய்க்குப் போடும் ஊசி பிள்ளைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதைப் பார்ப்போம். ஊசி மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையிடம் போய் வேலை செய்வதில்லை. அது உங்கள் உடலைத் தூண்டுகிறது. இரண்டு வாரத்துக்குள் உங்கள் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்கள் நன்றாகக் கூடுகின்றன. அவற்றை நஞ்சுக்கொடி தானே தேடிப் பிடித்துப் பிள்ளையின் இரத்தத்துக்குக் கடத்துகிறது. இந்தக் கடத்தல் கடைசி மூன்று மாதங்களில்தான் வேகமெடுக்கும். பிரசவ நேரத்தில் பிள்ளையின் இரத்தத்தில் அவை தாயின் அளவை எட்டியோ சற்று மிஞ்சியோகூட இருக்கும். வளைகாப்புக்கு அம்மா வீட்டார் கட்டிக்கொண்டு வரும் கட்டுச்சோறு மாதிரிதான். வழிக்கு உதவும், நாளானால் தீர்ந்துபோகும். சில மாதங்களில் அந்தப் புரதங்கள் கரைந்துவிடும், ஆனால் அதற்குள் பிள்ளையின் சொந்த ஊசிகள் வேலை செய்யத் தொடங்கிவிடும். முந்தைய பிரசவத்தில் போட்ட ஊசி அடுத்த பிள்ளைக்குப் போதாது என்பதும் இதனால்தான். தாயின் இரத்தத்தில் அளவு இறங்கிவிடுவதால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் போடச் சொல்கிறார்கள்.

இது புதிய யோசனையும் அல்ல. உங்கள் அத்தையிடம், அவர் உங்கள் கணவரை வயிற்றில் சுமந்தபோது ரண ஜன்னி ஊசி போட்டுக்கொண்டாரா என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக ஆம் என்பார். அந்த ஊசியும் பெரும்பாலும் பிள்ளைக்காகத்தான். தொப்புள்கொடியை அறுத்த இடம் வழியாகக் கிருமி ஏறி, ஏழெட்டு நாளில் வாய் இறுகி, பால் குடிக்க முடியாமல், வெட்டி வெட்டி இழுத்துச் செத்த பிள்ளைகள் ஒரு காலத்தில் நம் ஊர்களில் ஏராளம். சுத்தமான பிரசவமும் தாய்க்குப் போட்ட ஊசியும் சேர்ந்துதான் அதை ஒழித்தன. தாய்க்கும் சேய்க்குமான ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. அத்தை தம் பிள்ளைக்குச் செய்ததைத்தான் உங்கள் மருத்துவர் இன்னொரு நோய்க்காக உங்களைச் செய்யச் சொல்கிறார். வீட்டில் இப்படி எடுத்துச் சொன்னால், ஊசிக்கு எதிராகப் பேசுபவரே உங்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகக்கூடும்.

பலன் எவ்வளவு என்பதற்கு நல்ல கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் 2012ஆம் ஆண்டு கக்குவான் இருமல் பரவி, மூன்று மாதத்துக்குட்பட்ட 14 குழந்தைகள் இறந்தார்கள். அந்த அக்டோபரிலிருந்து கர்ப்பிணிகளுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள். ஊசி போட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கும் போடாதவர்களின் பிள்ளைகளுக்கும் நோய் வந்த விதத்தை ஒப்பிட்டபோது, பிறந்த முதல் மூன்று மாதத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு நோய் தடுக்கப்பட்டது தெரிந்தது. அமெரிக்காவிலும் அதே 2012 முதல் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 27 வாரத்திலிருந்து 36 வாரத்துக்குள் போடச் சொல்கிறார்கள். அங்கே இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் நோயை நான்கில் மூன்று பங்குக்கு மேலும், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையாவதைப் பத்தில் ஒன்பது பங்கும் ஊசி தடுத்தது. இந்தியாவில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பான ஃபாக்சியும், குழந்தை மருத்துவர்களின் அமைப்பான இந்தியக் குழந்தை மருத்துவக் கழகமும் இதையே பரிந்துரைக்கின்றன. அரசுத் திட்டத்தில் இல்லாததால் வீண் ஊசி என்று பொருளல்ல. கோடிக்கணக்கான பேருக்கு வாங்கிக் கொடுக்க வேண்டிய அரசு வைக்கும் வரிசை வேறு, ஒரு குடும்பம் தன் பிள்ளைக்காக வைக்கும் வரிசை வேறு.

பாதுகாப்பைப் பற்றி எழுதும்போது, தெரிந்ததையும் ஐயத்தையும் பிரித்தே எழுத வேண்டும். இந்த ஊசியில் உயிருள்ள கிருமி எதுவும் இல்லை. ஆகவே ஊசியிலிருந்து உங்களுக்கோ வயிற்றில் உள்ள பிள்ளைக்கோ கக்குவான் வர வழியே இல்லை. போட்ட கை ஒன்றிரண்டு நாள் வலிக்கும், வீங்கலாம். சிலருக்கு லேசான காய்ச்சல் வரும், அதற்குப் பாராசிட்டமால் போதும். கடுமையான ஒவ்வாமை பத்து லட்சத்தில் ஒருவருக்கு என்ற அளவில் நேரும், அதற்காகத்தான் போட்ட இடத்திலேயே அரைமணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். குறைமாதப் பிரசவத்தைப் பற்றிய உங்கள் பயத்துக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன்: அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்தபோது டிடாப் போட்டவர்களுக்குக் குறைமாதப் பிரசவமோ எடை குறைந்த பிள்ளையோ கூடுதலாகவில்லை. நம் நாட்டில் ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் எட்டுப் பிரசவத்தில் ஒன்று குறைமாதத்தில்தான் நடக்கிறது. ஆகவே ஊசி போட்டுக்கொண்ட எந்தத் தெருவிலும் குறைமாதத்தில் பெற்ற ஒரு பெண் இருக்கவே செய்வாள். அந்தப் பெண்ணுக்கு ஏன் அப்படி ஆயிற்று என்பதை அவரைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல முடியும். ஊசியைக் காரணமாக்க மேற்சொன்ன கணக்கு இடம் கொடுக்கவில்லை.

ஆனால் அதே ஆய்வில் ஒன்று தென்பட்டது, அதை மறைப்பது சரியல்ல. பனிக்குடச் சவ்வில் ஏற்படும் அழற்சி, ஊசி போடாதவர்களில் நூற்றுக்கு 5.5 பேருக்கும் போட்டவர்களில் 6.1 பேருக்கும் இருந்தது. அந்த அழற்சியால் வரக்கூடிய குறைமாதப் பிரசவம் கூடவில்லை என்பதால், பெரும்பாலான வல்லுநர்கள் இதை ஊசியின் விளைவாகக் கொள்வதில்லை. நானும் அப்படியே நினைக்கிறேன், என்றாலும் இது முற்றிலும் தீர்ந்துபோன விஷயம் அல்ல. இன்னொன்று, தாயிடமிருந்து நிறைய எதிர்ப்புப் புரதம் பெற்ற பிள்ளை தன் சொந்த முதல் ஊசிகளுக்குச் சற்றுக் குறைவாக எதிர்வினை காட்டுகிறது. அதனால் அந்தப் பிள்ளைகளுக்குப் பிற்பாடு நோய் அதிகம் வருகிறதா என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. உயிருக்கு ஆபத்தான முதல் மூன்று மாதத்தைக் காத்துக்கொண்டு, ஒன்றரை வயதுப் பூஸ்டரைத் தவறாமல் போட்டுவிடுவது நல்ல பேரம்தான் என்பது என் கருத்து. நம் நாட்டில் கக்குவான் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கும் உறுதியானதல்ல. அதைக் கண்டறியும் பி.சி.ஆர். பரிசோதனை சிறிய ஊர்களில் அரிதாகவே செய்யப்படுவதால் பல குழந்தைகள் ‘நிமோனியா’ என்ற பெயரிலேயே பதிவாகிவிடுகிறார்கள்.

ஃப்ளூ ஊசியைப் பற்றிச் சுருக்கமாக. ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு ஃப்ளூ ஊசி போட அனுமதியே இல்லை, ஆகவே இங்கும் தாய் வழியாகத்தான் பாதுகாப்பு. வங்கதேசத்தில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், ஊசி போட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ 63 விழுக்காடு குறைந்தது. ஆய்வில் இருந்த தாய்மார் 340 பேர்தான் என்பதால் அந்த எண்ணைத் துல்லியமாகக் கொள்ளாமல், பலன் இருக்கிறது என்று மட்டும் கொள்ளலாம். கர்ப்பிணிகளுக்கே ஃப்ளூ கடுமையாக வரும் என்பது கூடுதல் காரணம். கேரளத்தில் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையோடும் தமிழ்நாட்டின் கிழக்குப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையோடும் கூடும். இரண்டு மழையும் நனைக்கும் எல்லையில் இருக்கும் உங்களுக்கு, அதுவும் ஐப்பசிப் பிரசவத்துக்கு, இது பொருந்தும். டிடாப் போடும் நாளிலேயே மறு கையில் போட்டுக்கொள்ளலாம். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் டிடாப்புக்கே நான் முதலிடம் தருவேன்.

ஆர்.எஸ்.வி. என்ற சளிக்கிருமிக்கும் கர்ப்பிணி ஊசி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்கா 2023இல் ஒரு நிறுவனத்தின் ஊசிக்கு ஒப்புதல் அளித்தது. பிள்ளை பிறந்த முதல் மூன்று மாதத்தில் கடுமையான நோயை அது 80 விழுக்காட்டுக்கு மேல் தடுத்தது. ஆனால் வேறொரு நிறுவனத்தின் ஊசிச் சோதனை, குறைமாதப் பிரசவங்கள் கூடியதால் 2022இல் நிறுத்தப்பட்டது. டிடாப்புக்கு இருக்கும் நீண்ட அனுபவம் இதற்கு இன்னும் சேரவில்லை; உங்கள் மருத்துவர் அதைச் சொல்லாதபோது நீங்களாகத் தேடிப் போக வேண்டியதில்லை. தட்டம்மை, ரூபெல்லா, சின்னம்மை ஊசிகளில் உயிருள்ள கிருமி இருப்பதால் அவற்றைக் கர்ப்ப காலத்தில் போடக் கூடாது. எல்லா ஊசியும் ஒன்று என்ற எண்ணத்துக்கு எந்தப் பக்கத்திலும் இடம் கொடுக்காதீர்கள்.

உங்கள் நிலையில் என் சொந்தத் தங்கை இருந்தால் 28 வாரத்திலிருந்து 32 வாரத்துக்குள், அதாவது வளைகாப்பு வரை காத்திராமல் ஆடி முடியும் முன்பே, டிடாப் போட்டுக்கொள்ளச் சொல்வேன். சற்று முன்கூட்டிப் போட்டால், பிள்ளை சில வாரம் முந்திப் பிறந்தாலும் கையில் ஏதாவது கொண்டுவரும். டி.டி. இரண்டாம் ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்பது இதற்குத் தடையில்லை. கைவலி கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், அவ்வளவுதான். முன்பு ஏதாவது தடுப்பூசிக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தாலோ, கில்லன் பாரே என்ற, கை கால் செயலிழக்கும் நரம்பு நோய் வந்திருந்தாலோ முன்னதாகவே சொல்லிவிடுங்கள். போட்ட ஊசியின் பெயர், நாள், பேட்ச் எண் ஆகியவற்றைத் தாய் சேய் அட்டையில் எழுதி வாங்குங்கள். எல்லை தாண்டிப் பிரசவம் பார்ப்பவர்களிடம் நான் அடிக்கடி காணும் சிக்கல், கம்பத்து அட்டை கம்பத்திலேயே தங்கிவிடுவது. அதையும், கர்ப்பத்தைப் பதிந்தபோது அரசு தந்த பிக்மி எண்ணையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள், குமுளிக்குப் போனதும் அங்குள்ள ஆஷா பணியாளரிடம் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். பிள்ளையின் ஆறாவது வார ஊசியை மாநிலம் மாறியதைக் காட்டித் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு பக்கமும் அது இலவசம், எந்தப் பக்கத்திலும் போடலாம்.

பணம் புரளவில்லை என்றால் மனம் உடைய வேண்டாம். அப்போது செய்ய வேண்டியவை வேறு, அவையும் பலன் தருபவை. பிள்ளைக்குக் கிருமி பெரும்பாலும் வீட்டுக்குள் இருப்பவரிடமிருந்துதான் வருகிறது. தாய், அண்ணன், அக்கா, தாத்தா, பாட்டி யாராக இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவர் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும், சரியாகும்வரை பிள்ளையைத் தூக்கக் கூடாது. மடியில் வாங்கிக் கொஞ்ச வரும் சொந்தங்களிடம் இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கும். மருத்துவர் சொன்னார் என்று என்மேல் போட்டுவிடுங்கள். ஊசி போட்டிருந்தாலும் இல்லையென்றாலும், மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளை பால் குடிக்கும்போது மூச்சை நிறுத்தினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, விடாமல் இருமி முகம் சிவந்தாலோ காலைவரை காத்திராதீர்கள். கம்பத்தில் இருந்தாலும் குமுளியில் இருந்தாலும் 108ஐ அழைத்து, ஆக்சிஜன் வசதியுள்ள வண்டியில் கிளம்புங்கள், வீட்டில் யாருக்காவது இருமல் இருக்கிறது என்பதையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.